முதல் பயிற்சி வகுப்பு எடுக்கப் போகிறவருக்கு: அழைப்பு முதல் அறிக்கை வரை

வேலை நன்றாகத் தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பயிற்றுநர் ஆக்கப்பட்டவர்கள் ஏராளம். மேலாளர் ஒரு நாள் கூப்பிட்டு, "புதிதாக வந்தவர்களுக்கு நீங்களே ஒரு வகுப்பு எடுத்துவிடுங்களேன்" என்பார். அத்துடன் நியமனம் முடிந்தது. எவ்வளவு நேரம், எந்த அறை, எத்தனை பேர், தாள்களை யார் அச்சடிப்பது என்பதெல்லாம் தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கையில் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். நானும் இந்த வழியாகத்தான் பயிற்சித் துறைக்குள் வந்தேன். தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை அடுத்து வருபவர் முதலிலேயே தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

பேச்சுக் கலை பற்றி இதில் அதிகம் இருக்காது. குரலை ஏற்றி இறக்குவதும் கையசைப்பதும் மேடைப் பேச்சாளருக்கு உதவும். பயிற்சி வேறு விவகாரம். மறுநாள் காலையில் அந்த வேலையை அவர்கள் சரியாகச் செய்கிறார்களா என்பதை வைத்துத்தான் உங்கள் வகுப்பை எடை போடுவார்கள். அதனால் கீழே உள்ள வரிசை கொஞ்சம் தலைகீழாகத் தெரியலாம். ஸ்லைடு நான்காவது படியில்தான் வருகிறது. அதுவரை பவர்பாயிண்டைத் திறக்காதீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே பாடத்தை வைத்துக்கொள்கிறேன்: கிடங்கு ஊழியர்கள், சேதமடைந்து வந்த சரக்கைப் படிவத்தில் பதிவு செய்வது. உங்கள் பாடம் மென்பொருளாக இருக்கலாம், பாதுகாப்பு விதியாக இருக்கலாம். படிகள் மாறா.

1. ஒப்புக்கொள்ளும் முன் கேளுங்கள்

அழைப்பு வந்ததும் "சரி" என்று சொல்லிவிடாதீர்கள். முதல் கேள்வி: இப்போது என்ன தவறு நடக்கிறது? "எல்லோருக்கும் ஒரு விழிப்புணர்வு வேண்டும்" என்பது பதில் ஆகாது. "படிவத்தில் சேத அளவை எழுதாமல் விடுகிறார்கள், அதனால் இழப்பீடு கேட்க முடியவில்லை" என்பது பதில்.

அடுத்து, அந்தத் தவறு அறியாமையால்தான் நடக்கிறதா என்று பாருங்கள். பயிற்சித் துறையில் பழைய கேள்வி ஒன்று உண்டு: உயிர் போகிற நிலை வந்தால் அவரால் அதைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் அவருக்கு வேலை தெரியும். செய்யவிடாமல் தடுப்பது வேறு ஏதோ ஒன்று. படிவத்தில் எழுத இடமே இல்லாமல் இருக்கலாம். லாரி காத்திருக்கும் அவசரத்தில் மேற்பார்வையாளரே "அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கெல்லாம் வகுப்பு மருந்தாகாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பழி உங்கள் தலையில் விழாது.

பிறகு, தவறாக நிரப்பப்பட்ட உண்மையான படிவங்களைப் பத்துப் பதினைந்து கேட்டு வாங்குங்கள். முடிந்தால் வேலை நடக்கும் இடத்தில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். இவை இரண்டும் கொடுக்கும் விவரம், மேலாளருடன் எத்தனை கூட்டம் போட்டாலும் கிடைக்காது.

பேசி முடித்தவை எல்லாவற்றையும் அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்: தேதி, நேரம், எண்ணிக்கை, அறை, யார் யார் வருகிறார்கள், செலவு யாருடையது. கடைசியில் "இதில் மாற்றம் இருந்தால் வகுப்புக்கு ஒரு வாரம் முன்பு தெரிவிக்கவும்" என்று ஒரு வரி. ஒரு நிறுவனத்தில் 15 பேர் என்று பேசி, வகுப்பன்று 40 பேரை உள்ளே அனுப்பினார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. பயிற்சித் தாளும் போதாது. அந்த மின்னஞ்சல் இருந்ததால்தான் மீதிப் பேருக்கு இன்னொரு நாள் கேட்டு வாங்க முடிந்தது.

2. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

அமெரிக்கப் பயிற்சி வல்லுநர் ராபர்ட் மேகர் 1962இல் சொன்ன முறை இன்றும் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. நோக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: அவர் என்ன செய்வார், எந்த நிலையில் செய்வார், எவ்வளவு சரியாகச் செய்வார்.

"சேதப் பதிவின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வார்கள்" என்று எழுதினால், அது நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "சேதமடைந்த பெட்டி ஒன்றையும் வெற்றுப் படிவத்தையும் கொடுத்தால், யாரையும் கேட்காமல் 10 நிமிடத்துக்குள் எல்லாக் கட்டங்களையும் பிழையின்றி நிரப்புவார்." இந்த வாக்கியம் கிடைத்தவுடன் பாதி வேலை முடிந்தது. இறுதிச் சோதனை என்ன, மேசை மேல் என்ன பொருள் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

புரிந்துகொள்வார், அறிவார், உணர்வார் என்ற வினைகள் உங்கள் தாளில் இருந்தால் அடித்துவிடுங்கள். நிரப்புவார், பிரிப்பார், கண்டுபிடிப்பார், பொருத்துவார் என்பவை நிற்கட்டும். ஒரு வகுப்புக்கு இப்படி ஒரு நோக்கம், மிஞ்சினால் இரண்டு. மேலாளர் ஏழு கேட்பார். ஏழையும் 90 நிமிடத்தில் திணித்தால் ஒன்றும் தேறாது என்று பணிவாகச் சொல்லி, எது முதலில் வேண்டும் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

3. நேரத்தைக் கடைசியிலிருந்து பிரியுங்கள்

புதியவர்கள் நேரத்தை முதலிலிருந்து பிரிப்பார்கள்: வரவேற்பு, அறிமுகம், பின்னணி, கோட்பாடு. நேரம் தீரும்போது பயிற்சி செய்து பார்க்கும் பகுதி காணாமல் போகும். பங்கேற்பாளர் கையால் செய்யாத பயிற்சி, கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுத்த கதைதான்.

முதலில் இறுதிச் சோதனைக்கு இடம் ஒதுக்குங்கள், பிறகு அதற்கு முந்தைய பயிற்சிக்கு, பிறகு செய்துகாட்டலுக்கு. மிச்சம் இருப்பதுதான் பேச்சுக்கு. 90 நிமிடம் கொடுத்தார்கள் என்றால் 75 நிமிடத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். தாமதமாக வருபவர்களும் மேலாளரின் "இரண்டு வார்த்தை"யும் மீதியைச் சாப்பிட்டுவிடும்.

என் திட்டம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

தவறான படிவத்தைக் காட்டித் தொடக்கம் – 5 நிமிடம்
பெட்டியை வைத்து நான் நிரப்பிக் காட்டுதல் – 15
இருவர் இருவராக நிரப்புதல் – 20
வந்த தவறுகளைப் பேசுதல் – 10
ஒவ்வொருவரும் தனியாக நிரப்புதல் – 15
கேள்விகள் – 5
கருத்துப் படிவம் – 5

செய்துகாட்டும்போது படிகளை மூன்று நான்காகக் கட்டிக் கொடுங்கள். மனத்தில் ஒரே நேரத்தில் நிற்பது சுமார் நான்கு விஷயங்கள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் காட்டினார். அதற்கு முன் 1956இல் ஜார்ஜ் மில்லர் சொன்ன "ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம்" என்ற கணக்கை நம்பி ஏழு புள்ளிகள் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 12 கட்டங்கள் உள்ள படிவம் என்றால் நான்கு நிரப்பிக் காட்டி நிறுத்தி, அவர்களையும் அந்த நான்கை நிரப்பச் சொல்லுங்கள். பிறகு அடுத்த நான்கு.

நேரம் குறைந்தால் எதை விடுவது என்பதையும் இப்போதே திட்டத்தில் குறித்துவையுங்கள். என் தாளில் அப்படிப்பட்ட பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சிறு வட்டம் இருக்கும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதை வெட்டுவது என்று யோசித்தால், கைக்கு முதலில் அகப்படும் பயிற்சியைத்தான் வெட்டுவோம்.

தயாரிப்பு நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை. புதிய பாடம் என்றால், ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு முழு வேலை நாள் என்பது கஞ்சத்தனமான கணக்கு. "நாளைக்கே எடுத்துவிடலாமே" என்று கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டாவது முறை அதே பாடத்துக்கு இதில் சிறு பங்குதான் ஆகும்.

4. இப்போது ஸ்லைடு

முதலில் எதற்கு ஸ்லைடு தேவையில்லை என்று பாருங்கள். கையில் பெட்டியும் படிவமும் இருக்கும்போது பெட்டியின் படம் திரையில் எதற்கு? கண்ணால் பார்த்தால்தான் விளங்கும் என்பதற்கு மட்டும் ஸ்லைடு போடுங்கள்: பெரிதாக்கிய படிவத்தின் ஒரு பகுதி, இரண்டு சேதங்களின் வித்தியாசம், பயிற்சிக்கான அறிவுறுத்தல். கடைசியாகச் சொன்னது முக்கியம். "இருவராக அமருங்கள், 20 நிமிடம், முடிந்ததும் தாளைத் திருப்பி வையுங்கள்" என்பது பயிற்சி நடக்கும்வரை திரையில் நிற்க வேண்டும். வாயால் மட்டும் சொன்னால் அரை நிமிடத்தில் "என்ன செய்யச் சொன்னார்?" என்ற முணுமுணுப்பு தொடங்கிவிடும்.

திரையில் இருப்பதை வாசிக்காதீர்கள். படத்துடன் பேச்சைக் கேட்பவரைவிட, அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் சேர்த்துப் பார்ப்பவர் குறைவாகவே கற்கிறார் என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் வந்த முடிவு. விரிவான எழுத்து வேண்டும் என்றால் அதற்குக் கையேடு இருக்கிறது. ஸ்லைடையே அச்சடித்துக் கையேடாகக் கொடுக்கும் பழக்கம் இரண்டையும் கெடுக்கும்.

எழுத்தின் அளவு 24 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். தமிழுக்கு 28 என்றால் நல்லது. சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பிச் சரி, தவறு காட்டாதீர்கள். அவ்விரு நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்கள் பெரும்பாலான வகுப்புகளில் ஒருவராவது இருக்கக்கூடும். பக்கத்தில் ஒரு குறியும் போடுங்கள். யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, அது இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். எந்த எழுத்துருவாக இருந்தாலும் ஒரு பிடிஎஃப் படியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொறி பலருக்குத் தெரியாது. உண்மையான படிவத்தின் படத்தைச் சேர்க்கும்போது வாடிக்கையாளர் பெயரும் ஊழியர் கையெழுத்தும் தெரியக் கூடாது. பவர்பாயிண்டில் அதன் மேல் கறுப்புக் கட்டம் போட்டால், கோப்பைப் பெறுபவர் அந்தக் கட்டத்தை நகர்த்திப் பார்க்கலாம். படத்தை அங்கேயே வெட்டினாலும், வெட்டிய பகுதியை நீக்கும்படி தனியாகச் சொல்லாதவரை அது கோப்புக்குள்ளேயே இருக்கும். படத்தை வெளியே திருத்தி, சேமித்து, பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். இணையத்தில் எடுத்த படங்களுக்கு உரிமை உண்டா என்றும் பாருங்கள். உங்கள் கைப்பேசியில் நீங்கள் எடுத்த படம்தான் எப்போதும் பாதுகாப்பு. பாடத்துக்கும் அதுவே பொருத்தமாக இருக்கும்.

இன்னொரு பொறி, பயிற்றுநர்களின் ஸ்லைடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிவரும் பொய்க் கணக்குகள். "படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம் நினைவில் நிற்கும்" என்ற கூம்புப் படம் அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேலின் பெயரில் வரும். 1946இல் அவர் வெளியிட்ட கூம்பில் எந்தச் சதவீதமும் கிடையாது. "செய்தியில் 7 சதவீதம்தான் சொற்கள், 93 சதவீதம் குரலும் உடல்மொழியும்" என்பது உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகளைத் திரித்தது. சொல்லும் தொனியும் முகமும் முரண்படும்போது, விருப்பு வெறுப்பை எதை வைத்துக் கணிக்கிறோம் என்பதை மட்டுமே அவை பார்த்தன. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்துவதற்கும் போதிய ஆதாரம் இல்லை என்று ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் எழுதினார்கள். வகுப்பில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்து கையை உயர்த்தினால் உங்கள் மதிப்பு அங்கேயே இறங்கும். இவை எதுவும் இல்லாமலே பாடம் நடக்கும்.

5. தாள்கள்

இந்த ஐந்தும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

முதலாவது அமர்வுத் திட்டம். அட்டவணையாக நான்கு பத்திகள் போதும்: நேரம், நான் செய்வது, அவர்கள் செய்வது, தேவைப்படும் பொருள். "அவர்கள் செய்வது" என்ற பத்தியில் "கேட்பார்கள்" என்பது தொடர்ந்து மூன்று வரிகளில் வந்தால் திட்டத்தைத் திருத்துங்கள். உங்களுக்கு அன்று உடம்பு சரியில்லை என்றால், இந்தத் தாளை வைத்து இன்னொருவர் வகுப்பை நடத்த முடிய வேண்டும்.

இரண்டாவது வருகைப் பதிவு. மூன்றாவது பயிற்சித் தாள்களும் அவற்றின் விடைத்தாளும். விடைத்தாளை நீங்களே ஒரு முறை நிரப்பிப் பார்த்துத் தயாரியுங்கள். வினாவில் உள்ள பிழைகள் அப்போதுதான் தென்படும். நான்காவது, வேலையிடத்தில் ஒட்டிவைக்கக்கூடிய ஒரு பக்கக் குறிப்பு. ஐந்தாவது கருத்துப் படிவம், அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல்.

தரச் சான்றிதழ் பெற்ற நிறுவனம் என்றால் தாள்களுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. ஐஎஸ்ஓ 9001:2015 தரத்தின் 7.2ஆம் பிரிவு, ஊழியரின் திறனுக்கு ஆவண ஆதாரம் வைத்திருக்கச் சொல்கிறது. வருகைக் கையெழுத்து, அவர் வந்து உட்கார்ந்தார் என்பதைத்தான் சொல்லும். அவர் தனியாக நிரப்பித் திருத்தப்பட்ட படிவம்தான் திறனுக்கான ஆதாரம். அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

6. செலவு

வகுப்பின் மிகப் பெரிய செலவு எந்தப் பில்லிலும் வராது. 20 பேரை 90 நிமிடம் உட்கார வைத்தால் 30 மணி நேர உழைப்பு போகிறது. தேநீர், அச்சு, அறை வாடகை எல்லாம் அதற்குப் பக்கத்தில் சில்லறை. "இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்" என்று பாடத்தை நீட்டச் சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

பில்லில் வருபவற்றை முன்பே பட்டியலிட்டு ஒப்புதல் வாங்குங்கள்: அச்சு, எழுது பொருள், கருவி வாடகை, சிற்றுண்டி, பயணம். தாள்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் விளங்கும்படி அமைத்தால் செலவு குறைவதோடு, கடைசி நேரத்தில் எந்த அச்சுப்பொறியிலும் எடுக்கலாம். பங்கேற்பாளர் எண்ணிக்கையைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுங்கள்.

வெளியிலிருந்து போய் வகுப்பெடுப்பவர் என்றால் கட்டணத்தைப் பேசும்போதே ஐந்து விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். தயாரிப்பு நேரத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணமா? வகுப்பு ரத்தானால் என்ன? தாள்களும் ஸ்லைடுகளும் யாருக்குச் சொந்தம், அவர்கள் இன்னொருவரை வைத்து அதே பாடத்தை நடத்தலாமா? வரிப் பிடித்தம் உண்டா? பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் வரும்? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். வகுப்பு முடிந்த பிறகு கேட்பது அதைவிடக் கூச்சம்.

7. ஒத்திகை

எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரத்தை வைத்து. மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகையில் சேராது. முழுப் பாடத்தையும் பேசிப் பார்க்க நேரமில்லை என்றால் மூன்று இடங்களை மட்டும் செய்யுங்கள்: முதல் இரண்டு நிமிடம், செய்துகாட்டும் பகுதி, பயிற்சிக்கான அறிவுறுத்தல். மூன்றாவதை, பாடம் தெரியாத சக ஊழியர் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாயே திறக்காமல் அவர் செய்கிறாரா என்று பாருங்கள். அவர் எங்கே நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அங்கே எழுத்தைத் திருத்த வேண்டும். அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் குறியுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆவது புதியவருக்கு ஐந்து நிமிடத்தில் முடியாது.

8. அறை

வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். முந்தைய நாள் மாலையே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் முதலில் இணையுங்கள். புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ இருக்கும், உங்கள் லேப்டாப்பில் சி வகை யுஎஸ்பி மட்டும் இருக்கும். அல்லது இன்னும் விஜிஏ வயர் தொங்கிக்கொண்டிருக்கும். இணைப்பான்களைச் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்றுநர் செய்யும் முதலீட்டில் இதைவிட உருப்படியானது இல்லை. திரையில் படம் வரவில்லை என்றால் விண்டோஸ் விசையுடன், ஓ எழுத்துக்கு வலப்பக்கம் உள்ள பி எழுத்தை அழுத்தி, எந்தத் திரையில் காட்டுவது என்று தேர்ந்தெடுங்கள். அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். உங்கள் வீட்டுச் செய்தி பெரிய திரையில் குதித்தால் அடுத்த ஐந்து நிமிடத்துக்கு யாரும் படிவத்தைப் பார்க்க மாட்டார்கள். லேப்டாப் தானாக உறங்கும் அமைப்பையும் மாற்றுங்கள்.

பவர்பாயிண்டில் இரண்டு விசைகள் போதும். காட்சி ஓடும்போது முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும், பார்வை உங்கள் பக்கம் திரும்பும். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு வரும். ஓர் எண்ணைத் தட்டி என்டரை அழுத்தினால் நேராக அந்த ஸ்லைடுக்குப் போகலாம். கேள்வி வந்ததும் எல்லாவற்றையும் பின்னோக்கி ஓட்டிக் காட்டும் அவஸ்தை மிச்சம்.

பிறகு கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். எழுத்து தெரிகிறதா, தூண் மறைக்கிறதா, ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுகிறதா? 20 பேர்வரை என்றால் நாற்காலிகளை லாட வடிவில் போடச் சொல்லுங்கள், நடுவே நடந்துபோய் ஒவ்வொருவர் தாளையும் பார்க்கலாம். பள்ளிக்கூட வரிசையில் பின்னால் இருப்பவர் தாள் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மார்க்கர்களை எழுதிப் பாருங்கள், வற்றியதை உடனே தூக்கி எறியுங்கள், இல்லையென்றால் அது மறுபடி கைக்கு வரும்.

மின்சாரமே போனாலும் வகுப்பு நடக்க வேண்டும். தாளும் பெட்டியும் கையில் இருந்தால் நடக்கும். ஸ்லைடை நம்பிக் கட்டிய வகுப்புதான் அப்போது விழும்.

9. வகுப்பில்

உங்கள் தகுதிகளைப் பட்டியலிட்டுத் தொடங்காதீர்கள். பெயரைச் சொல்லி, தவறாக நிரப்பிய படிவத்தைத் திரையில் போட்டு, "இதில் என்ன விடுபட்டிருக்கிறது, பக்கத்தில் இருப்பவருடன் ஒரு நிமிடம் பேசுங்கள்" என்று சொல்லுங்கள். ஐந்தாவது நிமிடத்துக்குள் எல்லோரும் வாயைத் திறந்திருக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தவர் கடைசிவரை சும்மாதான் இருப்பார்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். மேலாளர் பின்னால் உட்கார்ந்திருந்தால் இன்னும் வேகமாக ஆட்டுவார்கள். "பெட்டியின் வெளிப்புறம் நன்றாக இருக்கிறது, உள்ளே பொருள் நனைந்திருக்கிறது. எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். மூன்று விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீண்டு தெளிவாயின. அந்த மூன்று விநாடி, முன்னால் நிற்பவருக்கு மூன்று நிமிடம்போல இருக்கும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடியுங்கள், சரியாக இருக்கும்.

பயிற்சி நடக்கும்போது மேசைக்குப் போய் மின்னஞ்சல் பார்க்காதீர்கள். சுற்றி வாருங்கள். ஒருவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் கட்டம் எது என்று பாருங்கள். மூன்று பேர் ஒரே கட்டத்தில் நின்றால் எல்லோரையும் நிறுத்தி அதை மட்டும் மறுபடி காட்டுங்கள்.

உங்களைவிட மூத்த, அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிற ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் இருப்பார். "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததா?" என்ற தொனியில் ஒரு கேள்வியும் வரும். அவருடன் மல்லுக்கட்டாதீர்கள். "ஐயா, நீங்கள் இதை நாள்தோறும் செய்கிறவர். புதிதாக வருபவர் இந்தப் படிவத்தில் எங்கே தடுக்கி விழுவார் என்று நீங்களே சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் உங்கள் கையேட்டில் இல்லாத ஒரு நல்ல விஷயம் வெளியே வரும். பலகையில் அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் பூசி மெழுகாதீர்கள். பலகையின் ஓரத்தில் கேள்வியை எழுதி, எந்த நாளுக்குள் பதில் அனுப்புவீர்கள் என்றும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அனுப்புங்கள். அனுப்பாதவர்கள் அதிகம் என்பதால், அனுப்புபவரை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

இணையவழி வகுப்பு என்றால் இதே திட்டம்தான், இரண்டு மாற்றங்களுடன்: தாள்களை முந்தைய நாளே அனுப்பி அச்சடித்து வைக்கச் சொல்லுங்கள், அரட்டைப் பெட்டியைக் கவனிக்க ஓர் உதவியாளரை வையுங்கள். ஒரே ஆள் பேசவும் அரட்டையை வாசிக்கவும் முடியாது.

10. முடிந்த பிறகு

கருத்துப் படிவத்தில் "மிக நன்று" என்று நிறைய வரும். மகிழ்ச்சிதான், ஆனால் அது தேநீருக்கும் குளிர்சாதனத்துக்கும் சேர்த்து விழுந்த மதிப்பெண். பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு நிலைகளில் இது முதலாவது: பிடித்ததா? கற்றார்களா, வேலையிடத்தில் செய்கிறார்களா, அதனால் பலன் உண்டா என்பவை அடுத்த மூன்று. பிடித்ததா என்பதைவிட, "நாளை வேலையில் எதை மாற்றிச் செய்வீர்கள்?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். அதற்கு வரும் பதில்கள் வாசிக்கத் தகுந்தவை.

இரண்டு நாளுக்குள் ஒரு பக்க அறிக்கை அனுப்புங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பிழையின்றி நிரப்பினார்கள், எந்தக் கட்டங்களில் தவறு வந்தது, பலகை ஓரத்துக் கேள்விகளுக்குப் பதில். தாமதித்தால் உங்களுக்கே மறந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து மூன்று கேள்விகளை அனுப்புங்கள். கையேட்டை மறுபடி வாசிக்கச் சொல்வதைவிட, நினைவிலிருந்து எடுத்து எழுதச் சொல்வதுதான் நாள்பட நிற்கும் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மதிப்பெண் போட வேண்டாம், விடையை மறுநாள் அனுப்பினால் போதும்.

ஒரு மாதம் கழித்து, முதல் படியில் வாங்கியதுபோலவே பத்துப் பதினைந்து படிவங்களை மீண்டும் கேட்டு வாங்கி எண்ணிப் பாருங்கள். தவறுகள் குறைந்திருந்தால் அந்த எண்ணிக்கையை மேலாளருக்கு அனுப்புங்கள். ஒரே கட்டம் மட்டும் எல்லோருக்கும் தொடர்ந்து தவறுகிறது என்றால் கோளாறு அந்தக் கட்டத்தில் இருக்கிறது. படிவத்தைத் திருத்தச் சொல்லி, திருத்திய மாதிரி ஒன்றையும் வரைந்து சேர்த்து அனுப்புங்கள். "இன்னொரு வகுப்பு எடுத்துவிடலாமே" என்று பதில் வந்தால், மாதிரிப் படிவத்தை மறுபடி அனுப்புங்கள்.